சுவருக்கு அப்பால் பார்க்கும் ரேடார்: ஆள் தள்ளித் தெரிகிறார், இரட்டையாகவும் தெரிகிறார் – உதவி தேவை

கேள்வி
வணக்கம். 2–3 கிகாஹெர்ட்ஸ் எஃப்எம்சிடபிள்யூ ரேடார் (அதிர்வெண்ணைச் சீராக மாற்றியபடி அலை அனுப்புவது), ஒரு ஸ்வீப், அதாவது 2-இலிருந்து 3 வரை ஒரு ஓட்டம், 1 மில்லிசெகண்ட், நொடிக்கு 10 பிரேம். அனுப்பும் ஆன்டெனா 4 (இடைவெளி 96 செ.மீ.), வாங்கும் ஆன்டெனா 8 (இடைவெளி 12 செ.மீ.). எல்லாவற்றுக்கும் 1 மீட்டர் கேபிள். 1.5 மீட்டரில் 23 செ.மீ. செங்கல் சுவர்.
சுவரின் எதிரொலியே படத்தை அடைத்துக்கொள்கிறது. நேரெதிரே 4.5 மீட்டரில் நிற்பவர் 6.15 மீட்டரில் தெரிகிறார். இடப்பக்கம் 30 டிகிரிக்கு நகர்ந்தால் வலப்பக்கமும் மங்கலாக ஒருவர். அடுத்தடுத்த பிரேமைக் கழித்தால், அசையாமல் நிற்பவர் மறைந்துவிடுகிறார்.

பதில் 1
தூரப் பிழையில் பெரும்பங்கு கேபிள். அலை அதில் ஒளியின் வேகத்தில் சுமார் 70 விழுக்காட்டில்தான் போகும். போக 1, வர 1 மீட்டர் சேர்ந்து 1.43 மீட்டர் கூட்டிக் காட்டும். மீதி சுவர்: செங்கல்லின் ஒப்புமை விடுதிறன் (அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் எண்) 4 என்றால், 23 × (√4 − 1) = 23 செ.மீ. சுவரில்லாத வெட்டவெளியில் 3 மீட்டரில் ஒரு மூலை எதிரொளிப்பானை (அலையை வந்த வழியே திருப்பும் உலோக மூலை) வைத்து, அனுப்பும் 4, வாங்கும் 8 சேர்ந்த 32 ஜோடிக்கும் தனித்தனியாகத் தாமதத்தையும் கட்டத்தையும் (அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) அளந்து கழியுங்கள். ஒரே திருத்தத்தை எல்லாவற்றுக்கும் போட்டால் படம் குவியாது.

சுவரின் எதிரொலியை ஏடிசிக்கு (சிக்னலை எண்களாக மாற்றும் சிப்) முன்பே அடக்க வேண்டும். ஏடிசி நிரம்பி வழிந்த பிறகு மென்பொருளில் எதைக் கழித்தும் பயனில்லை. உங்கள் அமைப்பில் சுவரின் விம்மல் அதிர்வெண் (அனுப்பும் அலைக்கும் திரும்பும் அலைக்கும் உள்ள அதிர்வெண் வேறுபாடு; தூரம் கூடினால் இதுவும் கூடும்) 19.5 கிலோஹெர்ட்ஸ், ஆளுடையது 41. எனவே 35 கிலோஹெர்ட்ஸில் நான்காம் வரிசை ஹை-பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த அதிர்வெண்ணைத் தடுப்பது) போடுங்கள்: சுவர் 20 டெசிபல் இறங்கும், ஆளுக்கு இழப்பு ஏறத்தாழ 1 டெசிபல்தான். எம்ஐடி லிங்கன் ஆய்வகம் 2011-இல் காட்டிய, 13 அனுப்பி 8 வாங்கும் ரேடாரும் இதே வேலையைக் கிரிஸ்டல் ஃபில்டரால் செய்தது.

நிற்பவருக்கு: 0.1 நொடியில் மார்பு அசைவது மிகக் கொஞ்சம். 1.5–2 நொடி இடைவெளியில் கழியுங்கள். அது அரை மூச்சு. மார்பு 5 மி.மீ. நகர்ந்தாலே 12 செ.மீ. அலைநீளத்தில் கட்டம் 30 டிகிரி மாறும்.

பதில் 2
வலப்பக்கத்து ஆள் பக்கச்சுவரின் எதிரொலியா, கிரேட்டிங் லோபா (ஆன்டெனா இடைவெளி அதிகமானால் வேறு திசையில் தோன்றும் போலி உருவம்) என்று முதலில் பாருங்கள். அதே தரவை 2–2.5, 2.5–3 கிகாஹெர்ட்ஸ் என இரண்டாகப் பிரித்துப் படமாக்குங்கள். பக்கச்சுவர் என்றால் இடம் மாறாது. லோப் என்றால் 38 டிகிரியிலிருந்து 24-க்கு நகரும்.

கேள்வி கேட்டவர்
நகர்கிறது.

பதில் 2
அப்படியானால் இடைவெளிதான் காரணம். உங்கள் கட்ட மையங்களின் (ஒவ்வொரு ஜோடிக்கும் நடுப்புள்ளி) இடைவெளி 6 செ.மீ., அதாவது அரை அலைநீளம். போய்வரும் பாதைக்குக் கால் அலைநீளம் வேண்டும். வாங்குபவை 6 செ.மீ., அனுப்புபவை 48 செ.மீ. என்று மாற்றுங்கள். விவால்டி (தட்டையான பலகையில் அமைந்த ஆன்டெனா) பலகைகளைச் செங்குத்தாக, முகத்துக்கு முகம் நிறுத்தினால் 6 செ.மீ.க்குள் அடங்கும். வரிசை பாதியாகக் குறுகுவதால் 4.5 மீட்டரில் பக்கவாட்டுத் தெளிவு 14 செ.மீ.யிலிருந்து 28 ஆகும். ஆளைக் கண்டுபிடிக்க அது போதும். இடைவெளியை மாற்றியதும் 32 ஜோடியையும் மறுபடி அளந்துவிடுங்கள், பக்கத்து ஆன்டெனாக்களின் பிணைப்பு கூடியிருக்கும்.