ரிஜிட் ஹெடிலுக்குத் தமிழில் என்ன பெயர்? ‘விழுதச்சு’ சரிப்படுமா?

மடல் 1 (அம்மாப்பேட்டை, சேலம்)

அன்புடையீர், வணக்கம்.

மேசைமேல் வைத்து நெய்யும் சிறுதறியில் ‘ரிஜிட் ஹெடில்’ என்ற பாகத்துக்குக் ‘கெட்டி விழுது’ என்று போன மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்யும் நம் ஊர்க் குழித்தறியில் வெண்பட்டு நெய்தாலும் பருத்தி வேட்டி நெய்தாலும் விழுது வேறு, அச்சு வேறு. மிதித்தால் பாவு இழைகளை, அதாவது நெடுக ஓடும் இழைகளை, தூக்கி இறக்குவது விழுது. அந்த இழைகளைச் சம இடைவெளியில் நிறுத்தி, குறுக்கே போகும் ஊடையைத் துணியோடு சேர்த்து அடிப்பது அச்சு. சிறுதறியில் மிதியே கிடையாது. இருப்பது ஒரே சட்டம். அதில் ஒரு கண் (சிறு துளை), ஒரு சந்து (நீண்ட இடைவெளி), மறுபடி ஒரு கண், ஒரு சந்து என்று வரிசையாக வரும். கண்ணில் கோத்த இழை சட்டத்தோடு ஏறி இறங்கும், சந்தில் போன இழை இருந்த இடத்திலேயே நிற்கும். சட்டத்தைத் தூக்கினால் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவுக்கு ஒரு வழி, தாழ்த்தினால் மறு வழி. அதே சட்டத்தைக் கையால் முன்னுக்கு இழுத்தால் ஊடை போய்ச் சேர்ந்துவிடும். விழுதின் வேலையும் அச்சின் வேலையும் அதிலேயே நடப்பதால் ‘விழுதச்சு’ என்கிறேன்.

பெயரில் இரண்டு வேலையும் தெரிந்தால்தான் புதிதாக நெய்கிறவருக்குத் தப்பு எங்கே என்று பிடிபடும். துணியில் நெடுக ஒரு கோடு தடித்துத் தெரிகிறதா? ஒரு சந்தில் இரண்டு இழை போயிருக்கும். நெடுக இடைவெளி விழுகிறதா? ஒரு சந்தோ கண்ணோ கோக்காமல் விட்டுப்போயிருக்கும். இவை அச்சுத் தப்பு. அவிழ்த்துத் திரும்பக் கோப்பதைத் தவிர வழியில்லை.

விழுதுத் தப்பு வேறு மாதிரி. ஊடை இரண்டு மூன்று இழைகளைத் தாண்டி மேலே மிதந்து கிடக்கும். சட்டத்துக்குப் பின்னால் இழைகள் ஒன்றையொன்று சுற்றியிருக்கும், அல்லது ஓர் இழை தளர்ந்து வழியை மறைத்துக்கொண்டிருக்கும். தளர்ந்த இழைக்காக முழுப் பாவையும் அவிழ்க்க வேண்டாம். தறியின் பின்பக்கம் அந்த இழையில் மட்டும் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டால் போதும்.

மடல் 2 (இளம்பிள்ளை)

ஐயா, வணக்கம்.

வேலையைப் பிரித்துக் காட்டிய விதம் நன்று. ஆனால் ‘விழுதச்சு’ என்று வேகமாகச் சொன்னால் காதில் ‘விழுந்தாச்சு’ என்று கேட்கிறது. ‘கண்ணச்சு’ என்றால் சுருக்கமாகவும் இருக்குமே?

இன்னொரு தயக்கம், நம்பர். அச்சு என்றவுடன் தறிக்காரர் நம்பர் கேட்பார். 80ஆம் நம்பர் அச்சு என்றால் 2 அங்குலத்துக்கு 80 பல், அதாவது இழை போகும் 80 இடைவெளி. சிறுதறிச் சட்டத்தில் 10 என்று போட்டிருந்தால் அது அங்குலக் கணக்கு. ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு வந்து குழப்பாதா?

மடல் 3 (அம்மாப்பேட்டை)

நம்பரைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று, அம்மா. குழப்பாது. 80ஆம் நம்பரில் அங்குலத்துக்கு 40 பல். பல்லுக்கு இரண்டிழை கோத்தால் அங்குலத்துக்கு 80 இழை. சிறுதறியின் 10இல் அங்குலத்துக்கு 5 கண், 5 சந்து. ஒன்றுக்கு ஓர் இழையாக 10 இழை. எண்ணும் முறை வேறானாலும் நம்பர் சொல்வது ஒன்றைத்தான்: அங்குலத்துக்கு எத்தனை இழை. ‘அச்சு’ என்ற சொல்லை விடக்கூடாது என்பதற்கு இதுவே எனக்குப் பெரிய காரணம்.

எந்த நூலுக்கு எந்த நம்பர் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நூலை அளவுகோலில் இடைவெளி விடாமல், நெருக்கித் திணிக்காமல், ஓர் அங்குலத்துக்குச் சுற்றி எண்ணுங்கள். 20 சுற்று வந்தால் அதில் பாதி, 10ஆம் நம்பர். சாதா நெசவுக்கு இது சரியாக வரும். இன்னொரு புரியோடு சேர்த்து முறுக்காத ஒற்றைப் புரி நூலைப் பாவுக்கு எடுக்க வேண்டாம். கஞ்சி போடாத ஒற்றைப் புரி, கண்ணில் உராய்ந்து பஞ்சாகப் பிரிந்துவிடும்.

‘கண்ணச்சு’ என்றால் பாதி இழைகள் போகும் சந்து பெயரிலிருந்து மறைந்துபோகிறது. தமிழில் கூட்டுச்சொல்லின் தலை கடைசியில் நிற்கும். கைத்தறி என்றால் தறிதான், கையால் இயங்கும் தறி. அதுபோல விழுதச்சு என்றால் அச்சுதான், விழுதின் வேலையும் செய்கிற அச்சு. ஒலிக் குழப்பம் பேச்சில் நாலு முறை புழங்கினால் தீர்ந்துவிடும்.

கூடவே நம் சொற்பட்டியலில் ‘ஒடுக்கம்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். நெய்யும்போதே துணியின் அகலம் குறைவதுதான் அது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். 10ஆம் நம்பரில் 12 அங்குல அகலத்துக்கு 120 இழை கோக்கிறோம். துணி 11 அங்குலமாக வருவது இயல்பு. 10 அங்குலத்துக்கும் கீழே ஒடுங்கினால் ஓர இழைகள் சாய்வாக இழுபட்டு, விழுதச்சில் தேய்ந்து அறுந்துவிடும். ஊடை நேர்கோடாகப் போவதில்லை, ஒவ்வொரு பாவு இழையின் மேலும் கீழும் ஏறி இறங்கிப் போகிறது. அதற்கு அகலத்தைவிடக் கூடுதல் நீளம் வேண்டும். நூலை வெடுக்கென்று இழுத்தால் அந்த நீளத்தை ஓரங்களிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஓரத்தில் வளையம் வராமல் ஓர இழையைத் தொட்டுக்கொண்டு, நடுவில் வில்போல் வளைத்து ஊடையை விடுங்கள். பிறகு சட்டத்தை இரு கையாலும் சமமாகப் பிடித்து இழுங்கள். ஒரு கை முந்தினால் துணி ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் இளகிச் சாய்ந்து வரும்.

இதைச் ‘சுருக்கம்’ என்று எழுதாதீர்கள். சுருக்கம் துவைத்த பிறகு வருவது, ஒடுக்கம் தறியிலேயே நேர்வது.

பட்டியலில் இப்படிப் போடலாம்:

விழுதச்சு: கண்ணும் சந்தும் மாறி மாறி அமைந்த சட்டம். பாவு இழைகளைப் பிரித்து வழி திறக்கவும், இடைவெளி காக்கவும், ஊடையைச் சேர்த்து அடிக்கவும் பயன்படுவது.