சிங்கப்பூரில் என் மறைப்பணி முடியும் வேளையில்

அயல்நாட்டுப் பணியை முடித்துத் திரும்பும் குருக்களும் அருள்சகோதரிகளும் பகிர்ந்துகொண்ட அனுபவங்களைப் படித்தபோது, பெரும்பாலோர் தம் மறையுரைகளையும் தியானங்களையுமே நினைவுகூர்ந்திருப்பதைக் கண்டேன். என் நிலை வேறு. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கரிடையே பணியாற்ற அனுப்பப்பட்ட எனக்கு, ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கும் இவ்வேளையில் மனத்தில் நிற்பவை பெரும்பாலும் சாவு வீடுகளும் மருத்துவமனைப் படுக்கைகளும்தான்.

சாவு வீடு என்று சொன்னாலும் இங்கே பெரும்பாலும் எல்லாம் வீட்டுக்கு வெளியேதான் நடக்கிறது. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில் தடுப்புத் துணி கட்டி, மேசை நாற்காலி போட்டு, உடலைக் கிடத்தி, இரவுதோறும் ஜெபமாலை சொல்கிறார்கள். ஒரு சனிக்கிழமை, நாங்கள் உடலை எடுக்கவிருந்த அதே வேளையில், அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம் ஒன்று களைகட்டியிருந்தது. மணவீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, எத்தனை மணிக்கு எடுக்கப் போகிறீர்கள் என்று இறந்தவரின் மகனிடம் கேட்டுச் சென்றார். எங்கள் வண்டி மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும்போது கொம்பாங் மேளம் நின்றிருந்தது. பிரதான சாலைக்கு வந்த பின்னரே மறுபடி கேட்டது. சமய நல்லிணக்கத்தைப் பேண இந்நாடு 1990ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியது என்பதையும், பிற சமயத்தை இழித்துப் பேசினால் என்னைப் போன்ற வெளிநாட்டார் இங்கே நீடிக்க முடியாது என்பதையும் வந்த புதிதிலேயே சொல்லித் தருவார்கள். அந்தப் பெரியவரை அனுப்பியது எந்தச் சட்டமும் இல்லை.

மருத்துவமனையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் பார்க்கச் சென்றது என் பங்கு ஆலயத்தைச் சேர்ந்த ஒருவரை. பக்கத்துப் படுக்கையில், கட்டுமானத் தளத்தில் விழுந்து அடிபட்ட சிவகங்கைப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் படுத்திருந்தார். என் வெள்ளை அங்கியைப் பார்த்துவிட்டு, "சாமி, கொஞ்சம் துன்னூறு கெடைக்குமா?" என்று கேட்டார். பாதிரியாரிடம் திருநீறு கேட்கிறாரே என்று முதலில் சிரிப்பு வந்தது. அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. மறுநாள் நண்பர் ஒருவர் மூலம் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து பொட்டலம் ஒன்றை வாங்கிக் கொண்டு போனேன். அவருடைய வலக்கை கட்டுப் போட்டுத் தொங்கியதால் நானே நெற்றியில் பூசிவிட்டேன். என் உடன்குருக்களில் சிலர் இதை ஒப்பமாட்டார்கள் என்று தெரியும். எனக்கு இன்றும் அதில் சிறிதும் தயக்கமில்லை.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது சுவா சூ காங் இடுகாடுதான். நிலம் குறைந்த இந்நாட்டில் புதிதாக அடக்கம் செய்வதற்குத் திறந்திருக்கும் இடுகாடு அது ஒன்றே. அங்கும் 1998ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட விதிப்படி ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுகளே தவணை. அதன்பின் தோண்டி, எரியூட்டத் தடையில்லாத சமயத்தவரின் எச்சங்களை எரித்துச் சாம்பலை மாடத்தில் வைத்துவிடுவார்கள். கல்லறைத் திருநாளன்று தாத்தாவுக்கும் பாட்டனுக்கும் ஒரே வரிசையில் மெழுகுவத்தி ஏற்றி வளர்ந்த எனக்கு, தோண்டும்போது செபிக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் அழைத்தது முதலில் விளங்கவே இல்லை. பொழுது விடிந்தும் விடியாத நேரத்தில் பணியாளர்கள் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். கைப்பக்கத்து மண்ணில் துருப்பிடித்த சிறு சிலுவை ஒன்று கிடைத்தது. ஜெபமாலையின் மணிகளும் நூலும் மட்கிப் போயிருந்தன. அப்பாவின் முகத்தையே மறந்துவிட்டதாக முன்தினம் சொன்ன மகள், அதை வாங்கித் தம் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நான் ஆயத்தம் செய்து கொண்டுபோன நீண்ட செபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த பரலோக மந்திரத்தைச் சொன்னேன்.

இங்கே தமிழ்க் கத்தோலிக்கரின் கதை பழையது. 1870இல் கட்டி முடிக்கப்பட்ட குவீன் ஸ்திரீட் தூய பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரோடு சேர்ந்து வழிபட்டவர்களுக்கு, 1888இல் ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. எழுப்பியவர்கள் பிரெஞ்சு மறைபரப்பாளர்கள். அன்று முதல் எத்தனையோ குருக்கள் வந்து போய்விட்டார்கள். நோயாளிகளின் பட்டியலை எழுதி வைப்பதும், தொழிலாளர் விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொண்டுபோவதும், சாவு வீட்டில் முதல் ஆளாக நின்று பாட்டைத் தொடங்குவதும் இங்குள்ள பெண்களே. நான் அவர்களின் பின்னால் போனவன். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட ஒருவர், எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தாதி, நான் போவதை அறிவித்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் வந்தார். கண்ணீரை எதிர்பார்த்து நின்றேன்.

"புது ஃபாதர் பாடுவாரா, ஃபாதர்?"

"என்னைவிட நன்றாகவே பாடுவார்."

"அப்ப சரி. ஃபாதர் பாட்டெடுத்தா எங்களுக்குத் தொண்டையே கட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் நான் பார்த்தாக வேண்டிய நோயாளிகளின் பட்டியலைக் கையில் கொடுத்தார். வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. போவதற்குள் முடித்துவிடுங்கள் என்றார்.