புதுப்பிப்பு: கடன் தீர்ந்தது, சர்க்கரை தீரவில்லை

சித்திரையில் இங்கே புலம்பியிருந்தேன்: மருந்துக்கடையில் பாக்கி, வாரவட்டிக்காரர் வாசலில், தறி பாதி நாள் ஓடவில்லை, புதுக் கடன் வாங்காமல் சர்க்கரையைச் சமாளிப்பது எப்படி என்று. நீங்கள் சொன்னவற்றில் பாதியைத்தான் செய்தேன்.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் பதிந்தேன். தன்னார்வலர் அம்மணி வீட்டுக்கே வந்து மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு வருடம் வட்டி கட்டியிருக்கிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1-இல் இருந்து 7.4-க்கு இறங்கியிருக்கிறது. 7-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார் மருத்துவர். அரிசிம்பருப்புச் சாதத்தை விட மனமில்லை. வீட்டுக்காரி அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி, கூடவே ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலையும் தட்டில் தள்ளுகிறாள். முதல் வாரம் முறைத்தேன். இப்போது கேட்டுச் சாப்பிடுகிறேன்.

ஆடியில் வட்டிக்காரர் கணக்கு முடிந்தது. நோட்டில் அவர் பெயரை அடிக்கும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது!

தூக்கம்தான் இன்னும் சரியில்லை. தை மாதம் மச்சினன் மகள் கல்யாணம், சீர் செய்ய வேண்டும். இந்த முறை கையிருப்பு எவ்வளவோ அவ்வளவுதான் என்று மச்சினனிடம் இப்போதே சொல்லிவிட்டேன். “சரிங்க மாமா” என்றான். முகம்தான் கொஞ்சம் சுருங்கியது.