நவஹோ பானைக்குப் பைன் பிசின்: பினாங்கில் எதைப் பூசுவது?

புக்கிட்மண்: வணக்கம். நவஹோ (அமெரிக்கப் பழங்குடி) முறையில் மண்ணைக் கயிறாகத் திரித்து அடுக்கிய பானை, ஒரு சாண் உயரம், திறந்த நெருப்பில் சுட்டது. தண்ணீர் ஊற்றினால் அடியெல்லாம் கசிகிறது. ஆறியபின் குங்கிலியம் உருக்கிப் பூசினால் மறுநாளே செதிலாக உதிர்கிறது. அங்கே எப்படிப் பூசுகிறார்கள்? படங்களில் கழுத்தடி மணிப்பட்டி ஓரிடத்தில் அறுந்திருக்கிறதே, உடைசலா?

சூளைக்காரன்: கசிவு உங்கள் தப்பில்லை தம்பி. திறந்த நெருப்பு 700–850 டிகிரிதான் தரும். அந்தச் சூட்டில் மண்ணின் துளைகள் அடையாது. அரிசோனாவில் ஷோண்டோ, கௌ ஸ்பிரிங்ஸ் பக்கம் ஜூனிப்பர் கட்டையில் சுட்டு, பானை தொட முடியாத சூட்டில் இருக்கும்போதே பின்யோன் பைன் பிசினை உள்ளும் புறமும் தேய்ப்பார்கள். சூட்டில் உருகும் பிசின் துளைக்குள் இறங்கும். ஆறிய பானையில் மேலேயே தோலாக நின்றுவிடும், உங்களுக்கு உதிர்ந்த மாதிரி. தொட்டதும் தேன்போல வழிந்தால் பதம். குபுகுபுவென்று புகைந்தால் சூடு அதிகம், கட்டியாக ஒட்டினால் ஆறிவிட்டது.

பட்டி உடைசல் இல்லை. அந்தப் பட்டியின் பெயர் பியோ. அறுந்த இடம் ஒரு வாசல், வேண்டுமென்றே விடுகிறார்கள். அவர்களுடைய கூடைக் கோலத்திலும் இதே வழி உண்டு. நவஹோ குயவர் ஆலிஸ் கிளிங் செய்த பானைகளில் மெருகுதான் முதலில் கண்ணில் படும்.

புக்கிட்மண்: அப்போ குங்கிலியம் வேண்டாமா?

தணல்: தனியாக வேண்டாம், நொறுங்கும். ரோசின் (பைன் பிசினிலிருந்து எடுப்பது) பத்துப் பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. முதலில் உடைந்த ஓட்டில் பூசிப் பாருங்கள். ரோசின் 70–80 டிகிரியிலேயே இளகும், அதனால் அதில் சாம்பார் வைக்காதீர்கள்.

அடுத்த பானையைச் சுடுமுன், நம்ம ஊர் ஈரத்தில் இரண்டு வாரம் நிழலில் உலரட்டும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்தான். 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவி சுவரைப் பிளந்துவிடும். மண்ணில் கால்வாசி பொடித்த ஓடு கலந்தால் விரிசல் குறையும். சுடும்போது ரப்பர் கட்டை பானையைத் தொடும் இடத்தில் கருந்திட்டு விழும். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அழகே அதுதான்.

சூளைக்காரன்: தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் பின்புறத்தில் சுட வேண்டாம். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. பிசின் உருக்கும் சட்டிக்குப் பக்கத்திலேயே மூடி இருக்கட்டும்; தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடுங்கள்.