புதுப்பிப்பு: குடும்பத்துக்கு ஸ்டேஷன் வேகன் - ஆல்டுரா வாங்கியாச்சு

ஐந்து பேர் குடும்பம், ஓட்டவும் ஜோராக இருக்க வேண்டும், தெருவுக்குத் தெரு நிற்கிற எஸ்யூவி வேண்டாம். கூரை பின்கதவு வரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கிற ஸ்டேஷன் வேகன்களில் பழைய மாருதி பலேனோ ஆல்டுராவா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பியா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆல்டுராதான். காம்பி நெல்லைப் பக்கம் தேறவில்லை.

கைகொடுத்தது, "ஸ்டெப்னிக் குழியைப் பாருங்க அண்ணாச்சி" என்ற யோசனை. தூத்துக்குடியில் பார்த்த வண்டி வெளியே பளபளப்பு. டிக்கி கார்ப்பெட்டை விலக்கி ஸ்டெப்னியைத் தூக்கினால் அடித்தகடு அப்பளமாக உதிர்கிறது. உப்புக்காற்று. தென்காசி வண்டியில் குழி காய்ந்து, பழைய பெயின்டோடு இருந்தது. அதையே முடித்தேன்.

1.6 லிட்டர், 16 வால்வு பெட்ரோல். நாலுவழிச் சாலையில் முந்த யோசிக்கவே வேண்டாம். அம்மாவின் சக்கர நாற்காலி டிக்கியில் போனபின்பும் குற்றாலத்துக்கு வேண்டிய மூட்டை முடிச்செல்லாம் ஏறிவிடுகிறது.

எதிர்பாராதது டிக்கிக் கதவு. திறந்த கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த உருளை) செத்து, கதவு தலையில் இறங்கியது. ஆல்டுரா என்று கேட்டால் கடையில் கைவிரிப்பார்கள். பழைய உருளையில் அச்சிட்ட நியூட்டன் எண்ணையும் (தள்ளும் விசை), முனைக்கு முனை நீளத்தையும் சொல்லிக் கேளுங்கள், பொருந்துவது கிடைக்கும்.

அப்புறம் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று. 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் புதுப்பித்தால் 5 வருடம்தான், பசுமை வரி தனி. விலை பேசுமுன் ஆர்சி முடியும் தேதியைப் பாருங்கள்.