சீப்பு வயிற்றுப் பக்கம் வந்தாலே ஓடும் பூனை, அக்குளில் சடை பிடித்துவிட்டது. என்ன செய்வது?

பஞ்சுமூட்டை:
எங்கள் பூனைக்கு 4 வயது, நீள முடிக்காரி. முதுகை வாரினால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவாள், ஆனால் சீப்பு வயிற்றுப் பக்கம் போனால் போதும், பின்னங்காலால் உதைத்து, கடித்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். பாவம் என்று நானும் முதுகோடு விட்டுவிட்டேன். நேற்று தூக்கும்போது அக்குளில் கட்டி மாதிரி தட்டுப்பட்டது. பயந்துபோய் விலக்கிப் பார்த்தால், முடி கோலிக்குண்டு அளவுக்குத் திரண்டு கிடக்கிறது. காதுக்குப் பின்னாலும் சின்னதாக இரண்டு. கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாமா, இல்லை குளிப்பாட்டினால் இளகுமா?

சாம்பல்வால்:
கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். பூனைத் தோல் மெல்லியது, தொளதொளவென்றும் இருக்கும். சடையைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடவே எழும்பி வரும், எது முடி எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. முடி என்று நினைத்து நான் வெட்டியதில் எங்கள் பூனைக்கு 3 தையல். அது கத்தக்கூட இல்லை, என் விரலில் ஈரம் பட்ட பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

குளியலும் இப்போது கூடாது, நனைந்து காய்ந்தால் சடை இன்னும் இறுகும். முதலில் சிக்கெடுங்கள், தண்ணீர் அப்புறம். காதுக்குப் பின்னால் இருப்பதை வீட்டிலேயே எடுக்கலாம். தோலை ஒட்டி முடியின் அடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. கொஞ்சம் சோள மாவு தூவி, நுனியிலிருந்து விரலாலேயே பிரித்துக்கொண்டு வாருங்கள். அக்குளில் இருப்பதை மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், முடி மழிக்கும் மெஷினில் எடுத்துவிடுவார்கள்.

மூன்றுபூனைவீடு:
மேலே சொன்னது அத்தனையும் சரி. இன்னொன்றையும் பாருங்கள், எந்தச் சீப்பு வைத்திருக்கிறீர்கள்? மெத்தென்ற பிரஷ் மேல்முடியோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் சிக்கு பிடிப்பது அடியில் இருக்கும் பஞ்சு முடியில். அகலப் பல் வைத்த உலோகச் சீப்பு தோல்வரை இறங்கித் தடையில்லாமல் வந்தால்தான் வாரியதாக அர்த்தம். கம்பிப் பல் ஸ்லிக்கர் பிரஷ் என்றால் முதலில் உங்கள் முன்கையின் உள்பக்கம் இழுத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுரீரென்றால் அவளுக்கும் அப்படித்தான்.

ஒரு வாரத்துக்கு வாரவே வேண்டாம். அவள் படுக்கும் இடத்தில் சீப்பைப் போட்டு வையுங்கள், தானே வந்து கன்னத்தை உரசட்டும். அப்புறம் கன்னம், தாடை, கழுத்து என்று தினமும் 2 நிமிடம், கூடவே அவளுக்குப் பிடித்த தின்பண்டம் ஒரு துணுக்கு. வால் நுனி துடித்தாலோ, முதுகுத் தோல் சிலிர்த்தாலோ, காது பக்கவாட்டில் திரும்பினாலோ அந்த நொடியே நிறுத்திவிடுங்கள், கடி அதற்கு அடுத்துதான் வரும். வயிற்றுக்காக மல்லாக்கப் போடாதீர்கள், பிடித்து அடக்குவதாக நினைத்துப் போராடும். நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு முன்னங்காலை லேசாகத் தூக்கி, இரண்டே இழுப்பு, போதும்.

கிழட்டுக்கடுவன்:
பொதுவாக ஒன்று. எங்கள் 13 வயதுக்காரனுக்கு இடுப்புக்கு மேலே திடீரென்று சடை விழ ஆரம்பித்தபோது சோம்பல் என்று நினைத்துவிட்டோம். உண்மையில் மூட்டு வலி, திரும்பி நக்க முடியவில்லை. தன்னைத்தானே சுத்தம் செய்வதைப் பூனை குறைத்தால் சீப்பு மட்டும் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.

பஞ்சுமூட்டை:
எல்லோருக்கும் நன்றி. காதுக்குப் பின்னால் இருந்த இரண்டும் விரலாலேயே வந்துவிட்டன, மூன்று நாள் ஆனது. அக்குள் சடையை மருத்துவர் மெஷினில் எடுத்தார். அடியில் தோல் சிவந்து கன்றிப்போய் இருந்தது, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் இழுத்திருக்கும் போல, அதனால்தான் கடித்திருக்கிறாள். சீப்பு இப்போது அவள் மெத்தையில் கிடக்கிறது. இன்று காலை அதன்மேல் தாடையை வைத்துத் தூங்கினாள்.