‘பலவீனம்’ என்று எதைச் சொல்கிறோம்? மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தார் விவாதம்

முன்னாள் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்): 20 ஆண்டுகள் பெரட்டில், அதாவது காலையில் வேலையாட்கள் கூடும் இடத்தில், ஆள் கணக்கெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘பலவீனமாக இருக்கிறது’ என்று வேலைக்கு வராதவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் குறையில்லை, மனத்தில்தான் உறுதியில்லை. செம்பனைக் குலையைத் தூக்கிச் சுமந்த எங்களுக்கும் களைப்பு வந்தது. அதற்காக நாங்கள் வீட்டில் உட்காரவில்லை.

தாதி: ஐயா, தசை வலுக்குறைவு, களைப்பு, மன உறுதியின்மை என்ற மூன்று வேறு சங்கதிகளை ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். மருத்துவர் சொல்லும் வலுக்குறைவு என்பது தசையே தன் வேலையைச் செய்ய இயலாத நிலை. அவர் உங்கள் கையைத் தூக்கச் சொல்லி, தம் கையால் அழுத்திப் பார்த்து, 0 (அசைவே இல்லை) முதல் 5 (முழு வலு) வரை மதிப்பிடுவார். கை தானாக உயர்ந்தும் சிறு அழுத்தத்தைக்கூடத் தாங்கவில்லையென்றால் அது 3. களைப்பில் அந்த மதிப்பு 5 ஆகவே இருக்கலாம், ஆனால் வேலை தொடங்கிய சற்று நேரத்திலேயே ஆள் தளர்ந்துவிடுவார். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்ணின் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. மன உறுதியைக் கொண்டு அதை ஈடுகட்ட முடியாது.

முன்னாள் மண்டோர்: சோதனையில் தெரியும் குறையை நான் மறுக்கவில்லை. குடியை விட முடியாதவனும் ‘அதுதான் என் பலவீனம்’ என்கிறானே, அதுவும் தசைக் குறையா?

லோரி ஓட்டுநர்: என் அப்பாவின் இடது கால் சிலிப்பர் கழன்று பின்னால் கிடக்கும், அவர் அதை அறியாமல் நடந்துகொண்டிருப்பார். கவனமில்லாத மனிதர் என்று நாங்கள் எல்லோரும் ஏசினோம், நான்தான் அதிகம். இனிப்புநீர் (நீரிழிவு) நரம்பைக் கெடுத்ததில் பாதத்தில் உணர்ச்சியும் இல்லை, அதைத் தூக்கும் வலுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தாதி: குடிகாரர் தம்மைப் பற்றிச் சொல்லும் பலவீனம் குணத்தைப் பற்றியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெடுநாள் குடி தசையையும் நரம்பையும் கெடுக்கும். ஆகவே உங்கள் உதாரணத்திலேயே இரண்டும் கலந்திருக்கலாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று கேட்டாலே ஓரளவு புரியும். ஒரு பக்கக் கைகால் திடீரென்று விழுந்து, வாயும் கோணினால் கேள்வியே வேண்டாம், உடனே அவசர எண் 999.

முன்னாள் மண்டோர்: குடியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் எழவே முடியவில்லையா, எழுந்த பிறகு முடியவில்லையா என்று அந்த 20 ஆண்டுகளில் ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.